சால்ட் பாயின்ட் பாறைக் கரையில் கூடாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் பீச் கேம்பிங் போகலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: தண்ணீரில் இறங்கிக் குளிக்க வேண்டுமா? ஆமாம் என்றால் தெற்கே போங்கள், மணல் கடற்கரைகள் நிறைய இருக்கின்றன. வேண்டாம், கடலைப் பார்த்துக்கொண்டே பாறைமேல் நடந்தால் போதும், இரவு அலைச் சத்தத்தில் தூங்கினால் போதும் என்றால் சால்ட் பாயின்ட் மாநிலப் பூங்கா உங்களுக்கான இடம்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 90 மைல். சோனோமா கவுண்டியின் கடலோரத்தில், ஹைவே 1-இன் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 6,000 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. மேற்கே அலை வந்து அறையும் மணற்பாறைக் கரை. கிழக்கே பைனும் ஃபிர்ரும் ரெட்வுட்டும் ஏறிப்போகும் மலைச்சரிவு. இந்தக் கடல் கால் நனைக்கிற கடல் இல்லை என்பதை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொண்டால் மற்ற முடிவுகள் எல்லாம் சுலபமாகிவிடும்: எந்த மாதம் போவது, எந்தக் கூடாரத் தளத்தை எடுப்பது, என்ன உடுத்துவது, பிள்ளைகளை எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜூன், ஜூலையில் பள்ளி விடுமுறை என்பதால் எல்லாரும் அப்போதுதான் கிளம்புகிறார்கள். அந்தக் கடலோரத்தில் மூடுபனி அதிகம் இருக்கிற மாதங்களும் அவைதான். உள்நாட்டில் இருக்கிற சேக்ரமென்டோவில் 100 டிகிரி வெயில் கொளுத்துகிற அதே நாளில் இங்கே 58 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடாகி, அந்தச் சூட்டுக் காற்று மேலே எழும்ப, கடல்மேல் இருக்கிற குளிர்ந்த ஈரக்காற்று கரைப்பக்கம் இழுபடுகிறது. அதாவது, ஊரில் வெயில் கூடக்கூட இங்கே பனி கூடும். சில நாள் மதியம் விலகும், சில நாள் விலகவே விலகாது.

என்னைக் கேட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை மிகச் சிறந்த காலம். பனி குறைவு, காற்று குறைவு, தெளிந்த வானம். பள்ளி திறந்துவிட்டதால் வார நாட்களில் இடமும் கிடைக்கும். அடுத்தபடியாக ஏப்ரல் கடைசியும் மே மாதமும். புல்வெளியில் பூக்கள் இருக்கும், பக்கத்துக் காட்டில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். ஆனால் வசந்தத்தில் வடமேற்குக் காற்று விடாமல் வீசும், அதற்குத் தயாராகப் போங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சாம்பல் திமிங்கிலங்கள் கரையோரமாகக் கடந்துபோகும். மழையைத் தாங்கிக்கொள்கிறவர்கள் அப்போது போகலாம். கைக்குழந்தையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த மாதங்களைச் சொல்ல மாட்டேன்.

இடம் பிடிப்பது

பதிவெல்லாம் ரிசர்வ் கலிபோர்னியா என்ற மாநில அரசு இணையதளத்தில்தான். தங்கப்போகும் தேதிக்கு ஆறு மாதம் முன்பு, காலை 8 மணிக்கு அந்தத் தேதி திறக்கும். கோடைக்கால வெள்ளி, சனி இரவுகள் வேண்டுமென்றால் அந்த 8 மணிக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். தட்கால் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. கணக்கைத் தொடங்கி, முகவரியையும் கார்டு விவரத்தையும் முதல் நாளே போட்டு வைத்துவிடுங்கள். அன்று கிடைக்கவில்லையென்றால் சோர்ந்துபோகத் தேவையில்லை, கடைசி இரண்டு வாரத்தில் ரத்தாகும் இடங்கள் நிறைய வரும். இடம் காலியானால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் அந்த இணையதளத்தில் உண்டு. ஓர் இரவுக்கு 35 டாலர் அளவில் ஆகும், பதிவுக் கட்டணம் தனி. ஒரு கூடாரத் தளத்தில் அதிகபட்சம் எட்டுப் பேர். மூன்று குடும்பமாகக் கிளம்பினால் ஒரே தளத்தில் அடைந்துகொள்ள நினைக்காமல் அடுத்தடுத்து இரண்டு எடுத்துவிடுங்கள்.

இரண்டு முகாம்கள் உண்டு. சாலைக்கு மேற்கே, கடல் பக்கம் இருப்பது கர்ஸ்டில் கோவ்: சுமார் 30 தளங்கள். கிழக்கே காட்டுக்குள் இருப்பது உட்சைட்: 79 தளங்கள். படத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் கர்ஸ்டில் கோவ்தான் வேண்டும். இடத்திலிருந்து எழுந்து சில நிமிடம் நடந்தால் கடல், சில தளங்களிலிருந்து மரங்களுக்கு நடுவே கடலே தெரியும். ஆனால் காற்றும் பனி ஈரமும் நேராக வரும். உட்சைட்டில் மரங்கள் காற்றைத் தடுக்கும், தளங்களுக்கு நடுவே மறைப்பும் கூடுதல். கடலுக்குப் போக நடந்து சாலையைக் கடக்க வேண்டும், அல்லது காரை எடுக்க வேண்டும். கூடாரத்தில் தூங்கிப் பழகாத குழந்தைகள், பெற்றோர் கூட வருகிறார்கள் என்றால் நான் உட்சைட்டையே சொல்வேன். பகல் முழுக்கக் கடலோரத்தில் இருக்கப்போகிறோம், இரவில் காற்றடிக்காத இடம் கிடைத்தால் போதாதா? மழைக்காலத்தில் சில பகுதிகளை மூடிவைப்பது உண்டு. அதனால் தேதியைப் போட்டுப் பார்த்து, திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டிலுமே குடிநீர்க் குழாய், கழிப்பறை, ஒவ்வொரு தளத்துக்கும் மேசை, தீ மூட்டும் வளையம், சாப்பாட்டைப் பூட்டிவைக்கும் பெட்டி எல்லாம் உண்டு. குளியலறை கிடையாது. இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது, அங்கே போய்ச் சொன்னால் பிரச்சினை. ஈரத் துடைப்பான், ஒரு பக்கெட், சூடாக்கிக் கொள்ளத் தண்ணீர் இருந்தால் இரண்டு இரவு தாராளமாகச் சமாளிக்கலாம்.

மூட்டை கட்டும்போது

கடலோரம் என்றதும் அரைக்கால் சட்டையும் செருப்பும் எடுத்துவைக்கிற பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். கோடையிலும் இரவு வெப்பம் 40களின் ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும், அதாவது ஊட்டிக் குளிர். உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு, நடுவே ஃபிளீஸ், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், ஆளுக்கொரு குல்லாய். பருத்தி உடைகளைக் குறையுங்கள், பனியில் நனைந்தால் காயாது. கால்களுக்கு நல்ல பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். மணற்பாறை காய்ந்திருக்கும்போது பிடிக்கும். பாசி படர்ந்த ஈரப்பகுதியில் கால் வைத்தால் எண்ணெய் தடவினதுபோல வழுக்கும்.

டென்ட் எதுவானாலும் பரவாயில்லை, மேல்விரிப்பு முழுதாகத் தரைவரை மூடுவதாக இருக்கட்டும். மழை இல்லாத நாளிலும் விடிகாலையில் மரத்திலிருந்து பனி சொட்டும். காலை ஆறு மணிக்கு மழை பெய்கிறதோ என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தால், மரத்தடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். ஸ்லீப்பிங் பேக்கைவிட அதற்குக் கீழே போடும் பாய்க்குத்தான் நான் அதிகம் செலவு செய்யச் சொல்வேன். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். காற்று ஊதும் பெரிய மெத்தை சுகமாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற காற்றே குளிர்ந்துபோய் முதுகைச் சில்லிட வைக்கும். அதற்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கம்பளமாவது விரியுங்கள்.

அப்புறம் ஆளுக்கொரு தலைவிளக்கு, கூடுதல் பேட்டரி, குடிநீர் நிரப்பிக்கொள்ளப் பெரிய குடுவை, முதலுதவிப் பெட்டி, கயிறு. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். சோனோமா பகுதியில் ஓக் மரங்களைக் கொல்லும் நோய் பரவியிருக்கிறது, விறகோடு நோயும் பூச்சியும் ஊர்விட்டு ஊர் போகும். முகாமிலோ வழியில் உள்ள கடைகளிலோ வாங்கிக்கொள்ளலாம். வறண்ட மாதங்களில் விறகுத் தீக்கே தடை போடுவார்கள். அதனால் சமையல் முழுவதையும் தீயை நம்பி வைக்காதீர்கள்.

போகிற வழி

பே ஏரியாவிலிருந்து, அதாவது சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்திலிருந்து, ஹைவே 101-இல் வடக்கே போய், செபஸ்டபோல் அல்லது கர்ன்வில் வழியாக ஹைவே 116 பிடித்தால் ஜென்னரில் கடலைத் தொடும். ரஷ்யன் நதி கடலில் கலக்கும் இடம் அது. அங்கிருந்து வடக்கே சுமார் 20 மைல். வரைபடத்தில் சின்னதாகத் தெரியும் இந்த 20 மைல்தான் பயணத்தின் கடினமான பகுதி. மலை விளிம்பில் வளைந்து வளைந்து ஏறி இறங்கும், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது, சில இடங்களில் மாடுகள் சாலையில் நிற்கும். முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இருட்டுவதற்குள் இதைக் கடந்துவிட வேண்டும், பனி இறங்கிய இரவில் இந்தச் சாலையில் முதல்முறை ஓட்டுவது வேண்டாத வேலை.

பின்னால் ஐந்து வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாச் சட்டம். அதற்காகவே ஒதுக்குத் தடங்கள் அங்கங்கே இருக்கின்றன. வெட்கப்படாமல் ஒதுங்குங்கள், உள்ளூர்க்காரர்கள் கையசைத்துவிட்டுப் போவார்கள். கார்ப் பயணத்தில் வாந்தி வருகிற பிள்ளைகள் இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை, வயிற்றுக்கு லேசான சாப்பாடு, கையில் போன் இல்லாமல் முன்னால் பார்த்து உட்காரவைப்பது. ஜென்னரில் நிறுத்தி ஒரு பத்து நிமிடம் காற்று வாங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பெட்ரோலையும் காய்கறியையும் சாண்டா ரோசா அல்லது செபஸ்டபோலிலேயே முடித்துவிடுங்கள். பூங்காவைத் தாண்டினால் அடுத்த பெரிய கடையும் பங்க்கும் வடக்கே குவலாலாவில், இன்னும் 20 மைலுக்குப் பக்கம். ஜென்னரைத் தாண்டியதும் போனில் சிக்னல் பெரும்பாலும் போய்விடும். பதிவுச் சீட்டையும் வரைபடத்தையும் கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் காட்டும் ஓத அட்டவணையையும் முன்பே போனில் இறக்கி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "ஞாயிறு மதியம் வரை பேச முடியாது" என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரில் அம்மா கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்.

வந்து இறங்கியதும்

தளம் மதியம் 2 மணிக்குக் கிடைக்கும். போனதும் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், பெரும்பாலும் வடமேற்கு. டென்ட்டின் வாசல் காற்று வராத பக்கம் இருக்கட்டும். காரைக் காற்று வரும் பக்கம் நிறுத்தினால் அதுவே ஒரு சுவர். முளைகளை எல்லாம் அடியுங்கள், காற்றில்லாத மதியத்தில் எதற்கு என்று விடாதீர்கள். தலைக்கு மேலே காய்ந்த கிளை தொங்குகிற இடத்தைத் தவிருங்கள். இந்த வேலை முடியாமல் கடலைப் பார்க்கப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் ஒரு பேரம் பேசி வைத்தால் அவர்களும் முளை அடிக்க வருவார்கள்.

கடலோடு எப்படி நடந்துகொள்வது

இந்தப் பகுதியை மட்டும் கூட வருகிற எல்லாரையும் படிக்க வையுங்கள்.

மெரினாவிலும் வேளாங்கண்ணியிலும் அலை நம்மை நோக்கி வந்து, மணலில் படர்ந்து, தேய்ந்து போகும். இங்கே அப்படித் தேய்வதற்கு மணல் இல்லை. ஆழமான நீரிலிருந்து வரும் அலை நேராகப் பாறையில் மோதி மேலே ஏறும். அதிலும் ஸ்னீக்கர் வேவ் என்று ஒன்று உண்டு: பத்து, இருபது நிமிடம் கடல் சாதுவாக இருக்கும், பாறையின் பாதிவரை காய்ந்துகூடப் போயிருக்கும், திடீரென்று வழக்கத்தைவிடப் பலமடங்கு உயரத்துக்கு ஓர் அலை ஏறிவந்து அங்கே நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். பசிபிக்கின் நடுவே எங்கோ அடித்த புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, ஒன்றோடொன்று சேர்ந்து வருவதால் இப்படி ஆகிறது. அதனால்தான் இங்கே வானம் நீலமாக, வெயிலாக இருக்கிற நாளிலும் இது நடக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை அபாயம் அதிகம், மற்ற மாதங்களில் அபாயமே இல்லை என்று அர்த்தமில்லை.

எனவே செய்ய வேண்டியது இது. பாறைக்கு இறங்குவதற்கு முன் மேலே, பாதையிலேயே நின்று இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். எந்த மட்டம்வரை பாறை ஈரமாக இருக்கிறது என்று கவனியுங்கள், ஈரமான பாறை என்றால் அலை அங்கே வந்திருக்கிறது என்று பொருள். அந்த மட்டத்துக்கு மேலேயே இருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள், போட்டோவுக்குக்கூட. கடலைப் பின்னணியாக வைத்து எல்லாரையும் வரிசையாக நிறுத்தும்போது கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கேமரா வைத்திருக்கிற ஒரே ஆள்தான், அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குடும்பப் படத்தை மேட்டிலுள்ள புல்வெளியில் எடுங்கள், அங்கிருந்தும் கடல் அழகாகத்தான் விழும். பாறை விளிம்புகள் அரித்துப்போயிருக்கும், ஓரத்துக்குப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை முறைவைத்து நியமித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் யாரும் பார்ப்பதில்லை.

நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். தாமிரபரணியில் நீச்சலடித்து வளர்ந்தவரானாலும், உடையோடு அந்தக் குளிரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்குள் வராது, சில நிமிடங்களில் கை கால் சொல்பேச்சு கேட்காது. யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து இறந்துபோவது இந்தக் கரையில் திரும்பத் திரும்ப நடக்கிற துயரம். மிதக்கிற எதையாவது, காலி ஐஸ் பெட்டி, மூடிய தண்ணீர்க் குடுவை, எறியுங்கள். ஒருவர் விழுந்தவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் முகாம் பொறுப்பாளரிடமோ சிக்னல் கிடைக்கிற இடத்துக்கோ ஓடி 911-க்குச் சொல்ல வேண்டும்.

கால் நனைத்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஸ்டம்ப் பீச்சுக்குக் கூட்டிப்போங்கள். பூங்காவுக்குள் மணல் இருக்கிற சிறு குடா அது, உள்வாங்கி இருப்பதால் அலை கொஞ்சம் அடங்கி வரும். அங்கேயும் கணுக்காலுக்கு மேல் வேண்டாம்.

பாறையைப் பார்ப்பது

எச்சரிக்கை எல்லாம் சொல்லியாயிற்று. இனி நீங்கள் வந்த காரணத்துக்கு வருவோம்.

கர்ஸ்டில் கோவ் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வடக்கே ஸ்டம்ப் பீச் வரை மேட்டின் விளிம்பை ஒட்டி ஒரு பாதை போகிறது, ஒரு மைலுக்குச் சற்று மேல். ஏற்றம் அதிகமில்லை, தாத்தா பாட்டியும் நடக்கலாம். முதல் கால் மைலிலேயே மணற்பாறையில் விசித்திரமான துளைகளைப் பார்ப்பீர்கள்: தேனடையைப் போலக் குழி குழியாக, நடுவே மெல்லிய சுவர்களோடு. டஃபோனி என்று பெயர். கடல்நீர் தெறித்துப் பாறைக்குள் ஊறி, காயும்போது உப்பு படிகமாகிறது. அதனால் பாறையின் சில பகுதிகள் இறுகுகின்றன, சில பகுதிகள் பொடிந்து உதிர்கின்றன. இறுகியது சுவராக நிற்க, உதிர்ந்த இடம் குழியாகிறது. கையால் தடவிப் பார்க்கலாம், ஏறி மிதிக்கக் கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது குழிகளின் நிழல் நீளும், படமெடுக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு வாருங்கள்.

அதே உப்பைத்தான் இந்த மண்ணின் பூர்வகுடிகளான கஷாயா போமோ மக்கள் பாறை இடுக்குகளிலிருந்து சேகரித்து, உணவைப் பதப்படுத்தப் பயன்படுத்தினார்கள். 1850களில் வந்தவர்களுக்கு உப்பைவிடப் பாறை தேவைப்பட்டது. இங்கே மணற்பாறையை வெட்டிக் கப்பலேற்றி சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் கொண்டுபோனார்கள். கர்ஸ்டில் கோவ் பக்கத்தில் நேர்கோட்டில் துளையிட்ட பாறைகளையும், கப்பலைக் கட்டப் பாறையில் அடித்த இரும்பு வளையங்களையும் இன்னும் பார்க்கலாம். பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.

கர்ஸ்டில் கோவ் குடாவே ஒரு கடற்காப்பகம், கலிபோர்னியாவின் முதல் நீரடிப் பூங்காக்களில் ஒன்று. சிப்பியோ கல்லோ பாசியோ எதையும் எடுக்கக் கூடாது. மீன் பிடிக்கவும் கூடாது. பாறைகளில் சீல்கள் படுத்திருக்கும். அவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள்.

பாறைக் குட்டைகளைப் பார்க்கக் கடல் நன்றாக வற்றிய நேரம் வேண்டும். அரசின் ஓத அட்டவணையில் மைனஸ் குறி போட்ட எண்ணைத் தேடுங்கள். இந்தக் கரையில் வசந்தத்திலும் கோடையிலும் ஆழமான வற்றம் விடிகாலையில் வரும், குளிர்காலத்தில் பிற்பகலில் வரும். ஆக, ஜூன் மாதம் போகிறவர்கள் அலாரம் வைத்து எழ வேண்டும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் ஏறத் தொடங்குவதற்குள் மேலே வந்துவிடுங்கள். பச்சை நிறக் கடல் சாமந்தி, ஊதா நிறக் கடல் முள்ளெலி, கொட்டலசு, நண்டு, அதிர்ஷ்டமிருந்தால் ஆரஞ்சு நிற நட்சத்திர மீன். விரலை நனைத்துக்கொண்டு மெல்லத் தொடலாம், பிய்த்தெடுக்கக் கூடாது.

முள்ளெலிகள் இவ்வளவு இருப்பது நல்ல செய்தி அல்ல. 2013 வாக்கில் நட்சத்திர மீன்களை ஒரு நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அவை தின்று கட்டுப்படுத்திவந்த ஊதா முள்ளெலிகள் பெருகின. கடலும் அப்போது சூடாகிப்போக, கெல்ப் என்ற பெரும் கடற்பாசிக் காடு இந்த வடகரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. அந்தப் பாசியைத் தின்று வாழ்ந்த அபலோனி சிப்பிகள் பட்டினியில் செத்தன. ஒரு காலத்தில் அபலோனிக்காகவே மூழ்குகிறவர்கள் கூட்டமாக வந்த இடம் இது. 2018 முதல் அதைப் பிடிக்கத் தடை.

சாப்பாடு

முதல் நாள் இரவு சமைக்காதீர்கள். டென்ட் போட்டு, கடல் பார்த்து வந்தால் இருட்டிவிடும். வீட்டிலிருந்தே புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எடுத்துப் போங்கள். மறுநாள் காலை உப்புமா, இரவு ரசமும் சாதமும் அல்லது தீ வளையத்தில் சுட்ட சோளம். குளிரில் மிளகு ரசம் குடிக்கிற சுகத்துக்காகவே ஒரு பாட்டில் ரசப்பொடி வண்டியில் நிரந்தரமாக இருக்கலாம்.

அடுப்பு எடுக்கும்போது பியூட்டேன் குப்பி போடும் சின்ன அடுப்பைவிட புரொப்பேன் அடுப்பு நல்லது, குளிர் காலையில் பியூட்டேன் மந்தமாக எரியும். காற்றுத் தடுப்பு இல்லாமல் தோசைக்கல் சூடேறாது. எக்காரணம் கொண்டும் டென்ட்டுக்குள் அடுப்பை ஏற்றாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் கொன்றுவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், குப்பை, நொறுக்குத் தீனி, பற்பசை உட்பட எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டுங்கள். இரவில் ரக்கூன், பகலில் அண்டங்காக்கை. அண்டங்காக்கைக்கு ஜிப் திறக்கத் தெரியும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், பையை மேசையில் விட்டுப் பாருங்கள். பாத்திரத்தைக் குடிநீர்க் குழாயடியில் கழுவுவது விதிமீறல். சாதப் பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போடுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நாம் கூட்டமாகச் சேர்ந்தால் அந்தாட்சரி வராமல் போகாது, அதை எட்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் சத்தம் எந்நேரமும் நம் தளத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டாம் நாள் காட்டுக்குள்

உட்சைட்டிலிருந்து மலைமேல் ஏறும் பாதை கடலிலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரத்தில் ஒரு குள்ளக் காட்டுக்குப் போகிறது. மண் புளிப்பேறி, ஊட்டமில்லாமல், அடியில் இறுகிய தளம் இருப்பதால் சைப்ரஸும் பைனும் வயதாகியும் ஆள் உயரம்கூட வளராமல் நிற்கின்றன. அந்த முகட்டை ஒட்டித்தான், பூமியின் இரண்டு நிலத்தட்டுகள் உரசும் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. நீங்கள் டென்ட் போட்டிருப்பது பசிபிக் தட்டின்மேல். நடை வேண்டாம் என்பவர்கள் காரில் வடக்கே ஃபிஸ்க் மில் கோவ் போகலாம், அங்கே சென்டினல் ராக் மேடையிலிருந்து கடல் நன்றாக விரியும். மே மாதமென்றால் பக்கத்திலேயே க்ரூஸ் ரோடோடென்ட்ரான் காப்பகம்.

காட்டுப் பாதையில் மூன்று மூன்றாக இலை விட்டிருக்கும் பாய்சன் ஓக்கைத் தொடாதீர்கள், தோல் பொத்துக் கொப்பளிக்கும். நீண்ட கால்சட்டை போடுங்கள், திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். நாயைக் கூட்டிவந்தால் முகாமில் கட்டி வைக்கலாம், பாதைகளில் அனுமதியில்லை.

முதல் மழைக்குப் பின், நவம்பர் முதல் ஜனவரி வரை, கூடையோடு ஆட்கள் திரிவதைப் பார்ப்பீர்கள். காளான் பறிக்க அனுமதிக்கும் மிகச் சில கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் இது ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஒரு நாளில் 5 பவுண்டு வரை. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கலிபோர்னியாவில் டெத் கேப் என்ற காளான் வளர்கிறது. இளசாக இருக்கும்போது அது நம்மூர் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் அப்படி நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், அதற்குள் கல்லீரல் கெட்டிருக்கும். நன்கு தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் ஒன்றையும் சட்டிக்குள் போடாதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் மட்டியும் அப்படித்தான்: மே முதல் அக்டோபர் வரை கலிபோர்னியாக் கரை முழுவதும் நஞ்சுக்காக அதற்குத் தடை இருக்கிறது.

கிளம்பும்போது

மதியம் 12 மணிக்குள் தளத்தைக் காலி செய்ய வேண்டும். தீ வளையத்தில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகில் வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு அணையுங்கள்.

வீட்டுக்கு நேராகப் போகாமல் தெற்கே சில மைலில் ஃபோர்ட் ராஸில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதை முன்பே பார்த்துக்கொண்டு. 1812-இல் ரஷ்யர்கள் கடல் நீர்நாய்த் தோலுக்காகவும் அலாஸ்காவுக்கு உணவு அனுப்பவும் கட்டிய கோட்டை. 1841-இல் விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அவர்கள் காலத்துக் கட்டடம் என்று மிச்சமிருப்பது ரோட்செவ் வீடு ஒன்றுதான். மரத்தாலான சிறு தேவாலயம் 1906 நிலநடுக்கத்தில் சரிந்து, திரும்ப எழுப்பப்பட்டு, 1970-இல் எரிந்து, மீண்டும் கட்டப்பட்டது. மேலே குள்ளக் காட்டுப் பக்கம் பார்த்த அதே பிளவின் வேலைதான் அந்த நிலநடுக்கம்.

வீடு சேர்ந்த அன்றே டென்ட்டை மொட்டைவெளியில் விரித்துக் காயப் போட்டுவிடுங்கள். பனி ஈரத்தோடு சுருட்டிக் கராஜில் வைத்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.